கிராமத்து சீட்டும் பத்து நாள் டியூஷனும்

அட்மிஷன் ஆபீஸ் வேலையும் கல்யாணத் தரகர் வேலையும் ஒண்ணுதாங்க. ரெண்டு பக்கமும் இல்லாததை இருக்குன்னு சொல்லணும், சொல்லும்போது சிரிக்கணும், கடைசில ரெண்டு பக்கமும் நம்மளத்தான் திட்டும். ஸ்கூல் ரிசப்ஷன், காலேஜ் என்கொயரி, ஆஸ்பத்திரி முன்மேசைனு எங்கயாவது உட்கார்ந்து "சொல்லுங்க சார்"னு சொல்லிப் பொழைக்கிற ஜனங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. மத்தவங்களுக்காகக் கொஞ்சம் விவரமா சொல்றேன்.

நான் வேலை பார்க்கிறது திருவண்ணாமலைக்கு வெளிய ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல். பேர் வேணாம். சுத்தி நாலு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, அதாங்க வேர்க்கடலை, நடுவுல நீச்சல் குளம். அவ்ளோ சொன்னாப் போதும். அதே ஸ்கூல்ல மூணாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ நான். அப்புறம் சென்னைல காலேஜ், ஒரு கம்பெனில நாலு வருஷம். கம்பெனில ஆளைக் குறைச்சப்போ மொத லிஸ்ட்லயே என் பேரு வந்துடுச்சு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு, கிரிவலப் பாதையிலயே இருக்கிற எங்க ஊரு அடி அண்ணாமலைக்கு வந்து இறங்கினேன். மூணாம் மாசம் பழைய ஸ்கூல்லயே அட்மிஷன் ஆபீஸ்ல நாற்காலி கிடைச்சுது. எங்கம்மா தெருவுல ஒரு வீடு விடாம போய்ச் சொல்லிட்டு வந்துச்சு.

நானும் சந்தோஷமாத்தான் போனேன். சேர்ந்த ஆறு மாசத்துக்குள்ள ஒரு சின்னப் பொண்ணோட சீட்டை நானே கெடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனா அதுக்கு முன்னாடி சில்லறை அவமானங்கள் ரெண்டு இருக்கு, அதையும் கேட்டுடுங்க.

ஷோகேஸ்

எங்க பிரின்சிபால் மேடம் பெங்களூர்க்காரங்க. நல்லவங்க, தமிழ் நல்லாவே பேசுவாங்க. ஆனா ஒரு பழக்கம். யாராவது பேரண்ட்ஸ் ஸ்கூலைச் சுத்திப் பார்க்க வந்தா லைப்ரரி, லேப், நீச்சல் குளம் எல்லாத்தையும் காட்டிட்டு கடைசியா என்னைக் காட்டுவாங்க. "இவ சங்கீதா, எங்க ஸ்கூல் பொண்ணு, இங்கயே படிச்சவ"ன்னு சொல்வாங்க. நான் எழுந்து நின்னு பல்லைக் காட்டணும். நகைக்கடைல கண்ணாடிக்குள்ள கழுத்துப் பொம்மை நிக்குமே, அந்த வேலை.

ஒரு நாள் ஆரணிப் பக்கத்துலேர்ந்து பட்டுச்சேலை வியாபாரி ஒருத்தர் பையனைக் கூட்டிக்கிட்டு வந்தார். எல்லாத்தையும் பார்த்து தலையாட்டினார். நீச்சல் குளத்துக்கிட்ட ஜாஸ்தி நேரம் நின்னார். என்னைக் காட்டினதும் அவர் முகத்துல இருந்த சந்தோஷம் கொஞ்சம் கம்மியாச்சு. மேடம் போன் பேச அந்தப் பக்கம் நகர்ந்த நேரம் பார்த்து என் மேசைக்கிட்ட குனிஞ்சார். கிண்டல் இல்லங்க, நெஜமான அக்கறையோட கேட்டார். "இங்க படிச்சுட்டு இங்கயேதான் வேலையாம்மா? வெளிய யாரும் எடுத்துக்கலையா?"

ஸ்டாஃப் ரூம்

மொத வாரம் ஸ்டாஃப் ரூம்ல என்னால உட்காரவே முடியல. யார் உள்ள வந்தாலும் கால் தானா எழுந்துக்குது. பெல் அடிச்சா கை பையைத் தேடுது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பழக்கதோஷத்துல பசங்க வரிசைல போய் நின்னுட்டேன். எனக்கு முன்னாடி நின்ன ஏழாங்கிளாஸ் பொண்ணு திரும்பிப் பார்த்து "மிஸ், நீங்க முன்னாடி போங்க"ன்னு வழி விட்டா. வெக்கமா போச்சு.

ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பினப்போ வசந்தா மிஸ் உள்ள வந்தாங்க. எனக்கு அஞ்சு வருஷம் கணக்கு எடுத்தவங்க. நான் ஓடிப்போய் முன்னாடி நின்னேன். ஸ்டேட் லெவல் கணக்குப் போட்டிக்கு என்னைக் கூட்டிக்கிட்டு வேலூர் போனதெல்லாம் மனசுல ஓடுது. அவங்க கண்ணாடியை மேல தூக்கி என்னைப் பார்த்தாங்க, முகம் மலர்ந்தது. தோளைத் தட்டினாங்க. "ஓ, நீ அந்த வில்லேஜ் சீட் பொண்ணுதானே! முகம் நல்லா ஞாபகம் இருக்கு, பேருதான் வர மாட்டேங்குது."

அந்த சீட்டு

வில்லேஜ் சீட்டுன்னா என்னன்னு சொல்லிடறேன். சுத்துப்பட்டு கிராமத்துலேர்ந்து வருஷத்துக்கு ஒரு குழந்தையை மூணாங்கிளாஸ்ல சேர்த்துப்பாங்க. பன்னெண்டாவது வரைக்கும் எல்லாம் ஸ்கூல் பார்த்துக்கும். பரீட்சை கிடையாது. குழந்தையைக் கூப்பிட்டு கால் மணி நேரம் பேசுவாங்க, அவ்ளோதான். மூணாங்கிளாஸுக்கு மட்டும்தான் அது. அந்த வயசு தாண்டினா போச்சு. ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு தடவை. அப்படி வந்தவதான் நான்.

எங்க ஸ்கூல் பஸ்ல ஆயாவா இருக்கிற செல்வியக்கா ஒரு நாள் ஆபீஸ் கதவைத் தொட்டுக்கிட்டு நின்னாங்க. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அந்த வேலைக்குச் சேர்ந்தவங்க. எங்களுக்கு நாலு தெரு தள்ளித்தான் வீடு. பஸ்ல என்னை "பாப்பா"ம்பாங்க, வா போம்பாங்க. ஆபீஸுக்குள்ள வந்தா மட்டும் "மேடம்". தன் பொண்ணு யாழினிக்கு அந்த சீட்டு கேட்டு ஃபாரம் வாங்க வந்திருந்தாங்க. பஞ்சாயத்து ஸ்கூல்ல ரெண்டாவது முடிக்கிறா. அப்பா கிடையாது. தினமும் அறுபது பசங்களைக் கை பிடிச்சு ஏத்தி இறக்கற கை, சொந்தப் பொண்ணை அந்தப் படியில ஒரு தடவை ஏத்தணும்னு ஆசைப்பட்டதுல என்ன தப்பு?  நான் இருக்கேன் அக்கா, பார்த்துக்கலாம்னு சொன்னேன். யோசிக்காம சொன்ன வார்த்தை.

மறுநாள் யாழினியே வந்தா. ரெட்டை ஜடை, முன்பல்லு ஒண்ணு இல்ல. வந்ததும் ஏசிக்குக் கீழ நின்னு முகத்தைக் காட்டி, "இதுலேர்ந்து மழை வருமாக்கா?"ன்னு கேட்டா. என் ஸ்டாப்ளரை எடுத்து ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்தா. செல்வியக்கா குடுத்த பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ்ல ஒரு ஓரம் பிஞ்சிருந்தது. என்னன்னு கேட்டேன். அம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள பொண்ணு சொல்லிடுச்சு. "ஆடு தின்னுடுச்சுக்கா. ஆனா என் பேரைத் தின்னல, பாருங்க."

பௌர்ணமி

அந்த வருஷம் ஆறு குழந்தைங்களுக்கு இன்டர்வியூ. மேடம் ஒரு தேதி சொன்னாங்க, மத்தியானம் மூணு மணின்னாங்க. நான் டைப் பண்ணி, கையெழுத்து வாங்கி, ஆறு வீட்டுக்கும் லெட்டர் அனுப்பிட்டேன். ஒரு வேலையை ஒழுங்கா முடிச்ச திருப்தில அன்னிக்கு ரெண்டு காபி குடிச்சேன்.

அந்த நாள் காலைல எங்க டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் பாஷா பாய் வந்து மேசை முன்னாடி நின்னார். ஊர்ல பரம்பரையா வண்டித் தொழில் பண்ற குடும்பம். இந்த ஊரு ரோடு ஒவ்வொண்ணும் எப்போ திறக்கும் எப்போ அடைக்கும்னு அத்துப்படி. "மூணு மணிக்கு ஆறு பசங்களை எந்த வழியாம்மா கூட்டிட்டு வர்றது?"ன்னார். வழக்கமான வழிதான் பாய்னேன். அவர் சுவத்துல இருந்த காலண்டரைக் காட்டினார். பௌர்ணமி. மத்தியானத்துலேர்ந்து கிரிவலக் கூட்டம், பஸ் எல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்தம். 

ஓடிப்போய் மேடம்கிட்ட சொல்லி, எல்லா வீட்டுக்கும் போன் பண்ணி, இன்டர்வியூவைப் பத்து நாள் தள்ளி வெச்சோம். மேடம் திட்டல. பாஷா பாய்தான் வெளிய போகும்போது கதவுக்கிட்ட நின்னு திரும்பிப் பார்த்தார். "மேடம் பெங்களூரு, அவங்களுக்குத் தெரியாது. அடி அண்ணாமலைல பொறந்துட்டு உனக்குத் தெரியலன்னா, எங்க போய்ச் சொல்றதும்மா?"

பத்து நாள்

அந்தப் பத்து நாளைக் கடவுள் குடுத்ததா நினைச்சேங்க. அடடா, யாழினிக்குச் சொல்லிக் குடுக்க டைம் கிடைச்சுதேன்னு. இன்டர்வியூல என்ன கேப்பாங்கன்னு என்னை விட யாருக்குத் தெரியும்? பத்து வருஷம் அங்க படிச்சவ, இப்போ அந்த மேசைக்கே பக்கத்துல உட்கார்றவ. செல்வியக்காவும் என்னை சாமி மாதிரி பார்த்தாங்க. அது எனக்கு நல்லா இருந்துச்சு, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆரணிக்காரர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்னு உள்ளுக்குள்ள ஒரு வீம்பு வேற.

தினமும் சாயந்தரம் நாலரைக்கு பஸ் ஷெட் பின்னாடி டியூஷன். குட் ஆஃப்டர்நூன் மேம். மை நேம் இஸ் யாழினி. மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ். மை ஆம்பிஷன் இஸ் டு பிகம் எ டாக்டர். கையை ஆட்டாதே. காலை ஆட்டாதே. கேள்வி கேட்டா பதில் மட்டும் சொல்லு, நீ திருப்பிக் கேக்காதே. வாயை மூடிச் சிரி, பல்லு தெரியுது. "ஆடு கதை சொல்லவாக்கா?"ன்னா ஒரு நாள். ஐயோ, ஆடு மாடு பேச்செல்லாம் அங்க எடுக்கவே கூடாதுன்னு அதட்டினேன். அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கற்பூரமா புடிச்சுக்கிச்சு. எட்டாம் நாள் கையைக் கட்டிக்கிட்டு ஆடாம அசையாம நின்னு ஒப்பிச்சப்போ எனக்குப் பெருமை தாங்கல. கைதட்டினேன்.

ஒன்பதாம் நாள் பஸ் டயர் மேல உட்கார்ந்திருந்தா. வழக்கமா தொணதொணன்னு பேசறவ அன்னிக்கு டயர்ல ஒட்டின மண்ணைச் சுரண்டிக்கிட்டிருந்தா. பசியான்னு கேட்டேன், இல்லன்னா. அப்புறம் தரையைப் பார்த்துக்கிட்டே மெதுவா சொன்னா. "அக்கா, நான் பேசறதுல எதெது தப்புன்னு மொத்தமா சொல்லிடுங்க. அதையெல்லாம் விட்டுடறேன்."

கால் மணி நேரம்

இன்டர்வியூ ரூம்ல மேடம், வசந்தா மிஸ், இன்னொரு டீச்சர். ஓரத்துல குறிப்பு எழுத நான். யாழினி புதுப் பாவாடை போட்டுக்கிட்டு வந்தா. வந்ததும் குட் ஆஃப்டர்நூன். மேடம் தமிழ்லயே, பிரியமா, "வா கண்ணு, வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. அவ இங்கிலீஷ்ல ஒப்பிச்சா. என்ன புடிக்கும்னு கேட்டாங்க. ரீடிங் புக்ஸ்னா. என்ன புக்குன்னு கேட்டாங்க. அதை நான் சொல்லிக் குடுக்கல. யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் நோட்டைக் குனிஞ்சு பார்த்தேன்.

மேடம் விடல. குழந்தையைப் பேச வைக்க என்னென்னமோ பண்ணினாங்க. வசந்தா மிஸ் பொம்மையைக் குடுத்தாங்க, வாங்கி மடில வெச்சுக்கிட்டா, தொடல. கடைசியா மேடம் கேட்டாங்க: "வீட்ல ஆடு, கோழி, நாய் ஏதாவது வளர்க்கறீங்களா?"  சொல்லுடி, சொல்லேன்னு மனசுக்குள்ள கத்தறேன். யாழினி மறுபடி என்னைப் பார்த்தா. கையை இறுக்கிக் கட்டிக்கிட்டு, வாயை மூடிச் சிரிச்சுக்கிட்டு, "நோ மேம்"ன்னா.

அவ வெளிய போனா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நான் இன்னும் புரொபேஷன்ல இருந்தேன், ஆறு மாசம் முடிய மூணு வாரம் பாக்கி. நாளைக்குத் தனியா சொல்லிக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மேடம் ஃபாரத்தை என் பக்கம் தள்ளி, குறிப்புல எழுதிக்கச் சொன்னாங்க. அவங்க சொன்னதை அப்படியே என் கையாலயே எழுதினேன். "நமக்கு வேணுங்கறது தயார் பண்ணாத குழந்தை. பாவம், இந்தக் குழந்தையை யாரோ நல்லா கெடுத்து அனுப்பியிருக்காங்க."

பழைய ஃபைல்

மறுநாள் சொல்லல. பேரண்ட்ஸ் வந்தாங்க, போன் வந்தது, மேடம் மீட்டிங்ல இருந்தாங்க. காரணத்துக்கா பஞ்சம்? அதுக்கு அடுத்த நாள் அந்த வருஷத்து ஃபாரங்களை ரெக்கார்ட் ரூம்ல வைக்கப் போனப்போ, பழைய வில்லேஜ் சீட் ஃபைல் எல்லாம் வரிசையா இருந்தது. என்னோடதை உருவி எடுத்தேன்.

என் இன்டர்வியூ எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. நினைச்சாலே காது சுடும். அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. ஏர் ஓட்டறார்னேன். மாடு பாதில படுத்துக்கிட்டா என்ன பண்ணுவார்னு கேட்டாங்க. எங்கப்பா அப்போ மாட்டைப் பார்த்துச் சொல்ற வார்த்தையை, இங்க எழுத முடியாது, அட்சரம் பிசகாம சொல்லிட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கூட வந்திருந்த எங்கப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டார். பாவம் பார்த்துத்தான் சீட்டு குடுத்தாங்கன்னு இத்தனை வருஷமா நம்பிக்கிட்டிருந்தேன். யாழினி வாயை நான் அடைச்சதுக்கு அந்தச் சிரிப்புதான் காரணம், வேற ஒண்ணுமில்ல. ஃபைல்ல வசந்தா மிஸ் கையெழுத்து, இங்கிலீஷ்ல ரெண்டு வரி. பயமே இல்லாத குழந்தை, தன் வீட்டுப் பேச்சைத் தன் வாயால பேசுது, இவளைத்தான் எடுக்கணும். அவ்ளோதான் எழுதியிருந்தது. அந்தத் தூசிக்குள்ள நின்னு அழுதேன்.

நேரா மேடம் ரூமுக்குப் போய் எல்லாத்தையும் கொட்டினேன். நான்தான் கெடுத்தேன், ஆடு கதையை நான்தான் சொல்லாதேன்னேன், அந்தப் பொண்ணை இன்னொரு தடவை கூப்பிடுங்கன்னு கெஞ்சினேன். மேடம் முழுசா கேட்டாங்க. வேற ஒரு குழந்தையை முடிவு பண்ணி, முந்தின நாள் சாயந்தரமே அந்த வீட்டுக்குச் சொல்லிட்டாங்களாம். அந்த வீட்டுக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. எனக்கும் அது புரிஞ்சுது. மேடம் கோபப்படல, தண்ணி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாங்க. "இதை நேத்து மத்தியானம் வந்து சொல்லியிருந்தாக்கூட ஏதாவது பண்ணியிருப்பேனே, சங்கீதா."

பஸ் படி

செல்வியக்காவுக்கு ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்ல மனசு வரல. சாயந்தரம் பசங்க ஏறுறதுக்கு முன்னாடி பஸ்ஸுக்கே போனேன். சீட்டு கிடைக்கலக்கான்னு சொன்னதும் அவங்க என்னைத்தான் தேத்தினாங்க. நீ எவ்ளோ பாடுபட்டுச் சொல்லிக் குடுத்த, நமக்குக் குடுத்து வெக்கல, விடு பாப்பான்னாங்க. அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம். மென்னு முழுங்கி, நான் சொல்லிக் குடுத்ததாலதான்க்கா போச்சுன்னு முழுசா சொன்னேன். அவ இஷ்டத்துக்குப் பேசியிருந்தா அவளைத்தான் எடுத்திருப்பாங்கன்னும் சொன்னேன்.

 பசங்க வர ஆரம்பிச்சாங்க. செல்வியக்கா ஒவ்வொருத்தரா கை புடிச்சு ஏத்தினாங்க, பையை வாங்கி மேல வெச்சாங்க. எல்லாரும் ஏறின அப்புறம் படியில நின்னு என்னைப் பார்த்தாங்க. கண்ணு நிறைய தண்ணி, குரல்ல மட்டும் ஒரு நடுக்கமும் இல்ல. "அப்போ அவ பேச்சுல தப்பு இல்லயா? அதை நீயே வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லு பாப்பா. இன்டர்வியூ முடிஞ்சு வந்ததுலேர்ந்து அது வாயே திறக்கல."

யாழினி வீடு

அன்னிக்கே போனேன். யாழினி வாசல்ல உட்கார்ந்து எழுதிக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னா. நான் பக்கத்துல தரையில உட்கார்ந்தேன். கையைப் பிரிச்சு விட்டேன். நீ பேசறதுல ஒரு தப்பும் இல்லடி, எல்லாம் நல்ல பேச்சு, அக்காதான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன், அந்த மேடம்கிட்டயும் சொல்லிட்டேன்னு சொன்னேன். என் முகத்தை உத்துப் பார்த்தா. அப்புறம் அந்த முன்பல்லு இல்லாத வாய் நல்லா திறந்து சிரிச்சுது. பென்சிலைக் கீழ வெச்சுட்டு எழுந்தா. "அப்போ மறுபடி கூப்பிட்டுக் கேப்பாங்களாக்கா? இப்பவே வரவா?"

படிச்ச ஸ்கூலுக்கே வேலைக்குப் போறதுல ஒரு வசதி இருக்குங்க: பத்து வருஷமா எதைத் தப்பா படிச்சோம்னு தெரிஞ்சுக்க வேற ஊருக்கு அலைய வேண்டியதில்ல.